பொய்ரோவை மேடையேற்ற நான்கு வழிகள்: எந்த நாடகத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த எர்க்யூல் பொய்ரோ துப்பறியும் கதை ஒன்றை நாடகமாகப் போடலாம் என்று ஒரு நாடகக் குழு முடிவெடுத்துவிட்டால், உடனே எழும் கேள்வி எந்த நாவலை எடுப்பது என்பதுதான். ஆளுக்கொரு நாவலைச் சொல்வார்கள், ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததற்காக வாதாடுவார்கள், கடைசியில் எல்லோருக்கும் தெரிந்த பெயராகப் பார்த்து ஒன்றை எடுப்பார்கள். ஆனால் வாசிப்பில் நம்மைக் கட்டிப்போட்ட நாவல் மேடையிலும் அப்படியே கட்டிப்போடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அகதா கிறிஸ்டியின் நாவல்களைப் பொறுத்தவரை இதற்கு நேர்மாறாக நடப்பதே வழக்கம் என்பதை அந்த நாடகங்களின் வரலாறே காட்டுகிறது. எனவே இக்கட்டுரை நாவல்களை ஒப்பிடவில்லை. நாவலிலிருந்து மேடைக்கு வந்த வழிகளை ஒப்பிடுகிறது. கொலையாளி யார் என்பதை எந்தக் கதையிலும் சொல்லாமல் எழுதியிருக்கிறேன். ஆகையால் நாவல்களை இன்னும் படிக்காதவர்களும் தயக்கமின்றி மேலே படிக்கலாம்.

1920-இல் வெளியான ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ தொடங்கி 1975-இல் வெளியான ‘கர்ட்டன்’ வரை பொய்ரோ 33 நாவல்களில் வருகிறார். அவற்றில் நாடகமானவை மிகச் சிலவே. நாடகமான வழிகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, பிறர் நாவலை எடுத்து, பொய்ரோவை வைத்துக்கொண்டே எழுதிய பழைய நாடகங்கள். இரண்டாவது, பொய்ரோவுக்காகவே கிறிஸ்டி நேரடியாக எழுதிய நாடகம். மூன்றாவது, கிறிஸ்டி தம் நாவல்களைத் தாமே நாடகமாக்கியபோது பொய்ரோவை முற்றிலும் நீக்கிவிட்டு எழுதியவை. நான்காவது, இந்த நூற்றாண்டில் பொய்ரோவை மீண்டும் நடுநாயகமாக்கி எழுதப்பட்ட புதிய நாடகங்கள். இந்த நான்கிலும் மூன்றாவது வழிக்கே என் வாக்கு. துப்பறிபவரையே எடுத்துவிட்ட நாடகத்தைப் பொய்ரோ ரசிகர்களிடம் பரிந்துரைப்பது விபரீதமாகத் தோன்றலாம் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வழியின் தொடக்கம் 1928-இல் லண்டன் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அரங்கில் மேடையேறிய ‘அலிபி’. 1926-இல் வந்த ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்’ நாவலை மைக்கேல் மார்ட்டன் நாடகமாக்கினார். சார்லஸ் லாட்டன் தம் 28-ஆம் வயதில் பொய்ரோவாக நடித்தார். மேடையிலோ திரையிலோ பொய்ரோவாக நடித்த முதல் நடிகர் அவர்தான். ஐந்தடி நான்கு அங்குலத்தைத் தாண்டாத, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நடக்கும் சின்ன உருவமாகக் கிறிஸ்டி படைத்த மனிதரை, ஆகிருதி மிக்க லாட்டன் ஏற்று நடித்தார். அவர் பொய்ரோவைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை, ஆயினும் அருமையான நடிகர் என்பதே கிறிஸ்டியின் கருத்து. உருவப் பொருத்தம் இல்லாதது பெரிய குறையும் அல்ல. கிறிஸ்டியை வருத்தியவை வேறு மாற்றங்கள். பொய்ரோவின் வயதை வெகுவாகக் குறைத்து, பெண்கள் பலர் காதலிக்கும் நாயகனாக அவரை ஆக்கிவிட வேண்டும் என்று மார்ட்டன் முதலில் எண்ணியிருந்தார். கிறிஸ்டி கடுமையாக எதிர்த்து அதைத் தடுத்தார். ஆனால் ஊர்ச் செய்தி அத்தனையையும் வீட்டில் இருந்தபடியே தெரிந்துவைத்திருக்கும், கதைசொல்லியான மருத்துவரின் அக்காள் கரோலைன் ஷெப்பர்டு நீக்கப்பட்டு, அவள் இடத்தில் ஓர் இளம்பெண் புகுத்தப்பட்டதை அவரால் தடுக்க முடியவில்லை. கரோலைன் மீது கிறிஸ்டிக்குத் தனிப் பிரியம் உண்டு. பின்னாளில் தம் இன்னொரு துப்பறியும் பாத்திரமான மிஸ் மார்ப்பிள் உருவாவதற்கு அவளே வித்தாக இருந்திருக்கலாம் என்று தம் தன்வரலாற்றில் எழுதுகிறார்.

இந்த மாற்றங்களைக்கூடத் திருத்திவிடலாம். இன்றைக்கு யாரேனும் புதிதாக எழுதினால் கரோலைனைத் திரும்பக் கொண்டுவரலாம். திருத்த முடியாத சிக்கல் ஒன்று அந்த நாவலின் அமைப்பிலேயே இருக்கிறது. ‘ரோஜர் அக்ராய்ட்’ கதை முழுவதையும் நமக்குச் சொல்பவர் மருத்துவர் ஷெப்பர்டு. அவர் பார்த்ததைப் பார்க்கிறோம், அவர் எழுதியதைப் படிக்கிறோம், எதை எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று அவர் தீர்மானிக்கிறாரோ அந்த வரிசையில்தான் நமக்கு எல்லாம் தெரியவருகிறது. படித்து முடித்த பிறகு திரும்பிச் சென்று ஒவ்வொரு வாக்கியத்தையும் மீண்டும் படிக்கத் தூண்டும் நாவல் அது. அந்த இன்பம் வாக்கியங்களில் இருக்கிறது. மேடையிலோ ஷெப்பர்டு மற்றப் பாத்திரங்களைப் போல் ஒரு பாத்திரம். பார்வையாளர் அவர் கண்வழியே பார்ப்பதில்லை, அவரையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவரைப் பார்வையாளரிடம் நேரடியாகப் பேசும் கதைசொல்லியாக ஆக்கினாலும், பேசும் முகம் கண்ணெதிரே தெரிவதால், அச்சிட்ட பக்கத்தின் மௌனம் தரும் நம்பிக்கை அங்கே கிடைக்காது. ஆகவே புகழ் பெற்ற நாவல் என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள், நாவலின் உயிரை வெளியே விட்டுவிட்டு உடலை மட்டும் மேடைக்குத் தூக்கி வருகிறார்கள் என்றே சொல்வேன்.

இதே வழியில் 1940-இல் ஆர்னால்டு ரிட்லி எழுதிய ‘பெரில் அட் எண்ட் ஹவுஸ்’ வந்தது, ஃபிரான்சிஸ் எல். சல்லிவன் பொய்ரோவாக நடித்தார். கதை விறுவிறுப்பானது. ஆனால் முடிச்சு மேல் முடிச்சாக விழும் அந்த நாவலை அப்படியே மேடைக்குக் கொண்டுவரும்போது, பார்வையாளர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விவரங்கள் அளவுக்கு மீறிப் போய்விடுகின்றன. புத்தகத்தில் சந்தேகம் வந்தால் பத்துப் பக்கம் பின்னே போய்ப் பார்க்கலாம்; அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. பிறர் தம் நாவல்களை நாடகமாக்கியபோது புத்தகத்தையே பிடித்துக்கொண்டு தொங்கியதுதான் குறை என்றும், துப்பறியும் கதையில் ஆள்களும் பொய்த் தடயங்களும் ஏராளமாக இருப்பதால் மேடைக்கு வேண்டியது எளிமைப்படுத்தல் என்றும் கிறிஸ்டி முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் தாமே நாடகமாக்கத் துணிந்ததற்கு இந்த முடிவே காரணம்.

இரண்டாவது வழியான ‘பிளாக் காஃபி’, ‘அலிபி’ தந்த அதிருப்தியிலிருந்து பிறந்தது. 1930 டிசம்பரில் லண்டன் எம்பசி அரங்கில் மேடையேறி, அடுத்த ஆண்டு செயின்ட் மார்ட்டின்ஸ் அரங்குக்கு மாறியது. பொய்ரோவாக நடித்தவர் அதே சல்லிவன்தான். அவரும் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பருமனும் கொண்டவர். புதுவகை வெடிபொருளுக்கான சூத்திரத்தைக் கண்டுபிடித்த அறிவியலாளர் சர் கிளாட் அமோரியின் வீட்டு நூலகத்தில் கதை தொடங்கி அங்கேயே முடிகிறது. சூத்திரம் காணாமல் போகிறது. எடுத்தவர் ஒரு நிமிட இருளில் அதைத் திரும்ப மேசைமேல் வைத்துவிடலாம் என்று சர் கிளாட் சொல்கிறார். விளக்குகள் அணைகின்றன. மீண்டும் எரியும்போது அவர் நாற்காலியில் இறந்து கிடக்கிறார்.

இந்த இருட்டுக் காட்சி மேடைக்காகவே பிறந்தது. பார்வையாளரும் அந்தக் குடும்பத்தாரோடு இருளில் உட்கார்ந்து, ஒருவர் மூச்சை இழுப்பது முதல் சின்னச் சின்ன ஓசைகள் வரை எல்லாவற்றையும் கேட்கிறார்கள்; பின்னால் பொய்ரோ விசாரிக்கும்போது அவரவர் கேட்ட ஓசைகளே சாட்சியமாகின்றன. எந்த நாவலாலும் இதைச் செய்ய முடியாது. பொய்ரோவின் பழக்கங்களும் இங்கே வெறும் அலங்காரமாக நின்றுவிடவில்லை. கோணலாக இருக்கும் பொருளை நேராக்கி வைக்கும் அவருடைய கை, கண்ணுக்குத் தெரியும் நடிப்பாகி, கதைக்கும் உதவுகிறது. அவருடைய நண்பர் ஹேஸ்டிங்ஸும் காவல் ஆய்வாளர் ஜாப்பும் உடனிருக்கிறார்கள். அரங்க அமைப்பு ஒன்றே ஒன்றுதான் என்பதால் செலவும் குறைவு. குறைகளும் உண்டு. ஒற்றர், வெடிபொருள் சூத்திரம், வெளிநாட்டுச் சதி என்னும் சரக்கு 1930-இலேயே சற்றுப் பழையது. இத்தாலியர்களைப் பற்றி அதில் வரும் பேச்சு இன்றைக்குக் கூச்சத்தைத் தருகிறது. பதின்மூன்று பாத்திரங்களில் பத்து ஆண்கள், மூன்றே பெண்கள். பெரும்பாலான நாடகக் குழுக்களில் நடிக்கத் தயாராக இருக்கும் பெண்கள் மிகுதியாகவும் ஆண்கள் பற்றாக்குறையாகவும் இருப்பதால் இது சிறிய விஷயம் அல்ல. 1998-இல் சார்லஸ் ஆஸ்பர்ன் இந்த நாடகத்தையே நாவலாக எழுதி வெளியிட்டார். அதைப் படித்தால் மேடையில் பளிச்சென்று தெரியும் இடங்கள் தாளில் மங்கிப்போவதை உணரலாம். நாவல் மேடைக்குப் போகும்போது ஏற்படும் இழப்பு எதிர்த்திசையிலும் ஏற்படுகிறது.

நான்காவது வழியை மூன்றாவதற்கு முன்னரே பார்த்துவிடுவது நல்லது. ஏனெனில் இன்றைக்குப் பலரும் முதலில் கேட்டு வருவது அதைத்தான். கென் லட்விக் எழுதிய ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ 2017-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் உள்ள மெக்கார்ட்டர் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. 2022-இல் இங்கிலாந்தின் சிச்செஸ்டர் விழா அரங்குக்கு வந்தபோது ஹென்றி குட்மன் பொய்ரோவாக நடித்தார். நாடகத்தின் பெயரே சீட்டு விற்றுவிடும் என்பதில் ஐயமில்லை. லட்விக் நகைச்சுவை நாடகங்களுக்குப் பெயர் பெற்றவர். வசனங்கள் கலகலப்பாக ஓடுகின்றன, பயணிகளில் ஒருவரான திருமதி ஹப்பார்டாக நடிப்பவருக்குக் கைதட்டல் நிச்சயம்.

ஆனால் 1934-இல் வந்த அந்த நாவலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று பகுதிகள். நடுப்பகுதியின் பெயர் ‘சாட்சியம்’. பயணிகள் ஒவ்வொருவராக ரயிலின் உணவுப் பெட்டிக்கு அழைக்கப்பட்டு, பொய்ரோ கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஓர் அத்தியாயத்துக்கு ஒருவர் என்ற கணக்கில். மூன்றாம் பகுதியின் பெயரோ ‘எர்க்யூல் பொய்ரோ சாய்ந்து அமர்ந்து சிந்திக்கிறார்’ என்பது. ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு சிந்திப்பதைப் பக்கம் பக்கமாக விறுவிறுப்போடு படிக்க வைத்திருப்பது கிறிஸ்டியின் சாதனை. மேடையில் அதைச் செய்ய முடியாது. அங்கே சிந்திப்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரிவார். விசாரணை அத்தியாயங்களும் அப்படித்தான். கேட்பவர் மாறாமல் பதில் சொல்பவர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தால், நான்காவது ஆளுக்குள் பார்வையாளருக்கு அந்த வாய்பாடு பழகிவிடும். மற்ற நடிகர்கள் தங்கள் முறைக்காகப் பக்கத்திரைக்குப் பின்னால் காத்திருப்பார்கள்.

லட்விக் இந்த இடரை நன்றாகவே உணர்ந்திருக்கிறார். அதனால்தான் நாவலில் பன்னிரண்டாக இருந்த சந்தேக நபர்களை எட்டாகக் குறைத்தார். கிரேக்க மருத்துவர் கான்ஸ்டன்டைனை எடுத்துவிட்டு, மருத்துவப் படிப்பை ஆன்ட்ரெனி சீமாட்டிக்குக் கொடுத்தார். பொய்ரோவையே பார்வையாளரிடம் பேச வைத்தார். ஒவ்வொன்றும் தொழில் தெரிந்தவர் செய்த வேலை. ஆயினும் பன்னிரண்டு என்ற எண்ணுக்கே அந்த நாவலில் ஒரு வேலை இருக்கிறது. படித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும், படிக்காதவர்களுக்கு இதற்கு மேல் சொல்லக் கூடாது. எண்ணிக்கை குறைந்தபோது அந்த வேலை நின்றுபோகிறது. முடிவின் கனமும் அத்துடன் சற்றுக் குறைகிறது. இன்னொன்று செலவு. ஓடும் ரயிலின் உணவுப் பெட்டி, படுக்கை அறைகள், நடைவழி, பனியில் புதைந்த ரயிலின் வெளிப்புறம் எல்லாம் நம்பும்படி இருந்தால்தான் இந்த நாடகம் எடுபடும். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு ரயில் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னால், பெயருக்காகச் சீட்டு வாங்கி வந்தவர்கள் ஏமாந்து போவார்கள். பெரிய அரங்கும் சுழல்மேடையும் தச்சு வேலைக்கு ஆள்களும் இருக்கும் குழுவுக்கு இது நல்ல தேர்வு. சிறிய குழுவுக்குச் சுமை. லட்விக் இதே முறையில் ‘டெத் ஆன் த நைல்’ நாவலையும் நாடகமாக்கியிருக்கிறார். அதை எடுக்க நினைப்பவர்களும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இப்போது மூன்றாவது வழி. கிறிஸ்டி தம்முடைய பொய்ரோ நாவல்களில் நான்கைத் தாமே நாடகமாக்கினார். நான்கிலும் பொய்ரோவை நீக்கினார். 1937-இல் வந்த ‘டெத் ஆன் த நைல்’, 1944-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ‘ஹிடன் ஹொரைசன்’ என்ற பெயரில் மேடையேறி, 1946-இல் லண்டனில் ‘மர்டர் ஆன் த நைல்’ ஆயிற்று. ‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ 1945-இலும், ‘தி ஹாலோ’ 1951-இலும், ‘ஃபைவ் லிட்டில் பிக்ஸ்’ நாவலிலிருந்து உருவான ‘கோ பேக் ஃபார் மர்டர்’ 1960-இலும் லண்டனுக்கு வந்தன. அவர் காலமான பிறகு 1981-இல் ‘கார்ட்ஸ் ஆன் த டேபிள்’ நாவலை நாடகமாக்கிய லெஸ்லி டார்பனும் பொய்ரோவை விட்டுவிட்டே எழுதினார். தம் பாத்திரத்தின் மீது சலிப்பு வந்துவிட்டதால் கிறிஸ்டி இப்படிச் செய்தார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சலிப்பும் இருந்தது உண்மைதான். ஆனால் நாடகங்களை நாவல்களோடு வைத்துப் படித்தால், அதைவிட வலுவான காரணம் தெரிகிறது. பொய்ரோ மேடையில் இருந்தால் பார்வையாளர் அவரையே பார்க்கிறார்கள். அவர் மீசையை, உச்சரிப்பை, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்பதை. குற்றம் நடந்த வீட்டின் மனிதர்கள் அவர் அறிவுக்குத் தீனியாகச் சுருங்கிவிடுகிறார்கள். அவரை எடுத்துவிட்டால் அந்த மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தொடங்குகிறார்கள். நாடகம் அங்கேதான் பிறக்கிறது.

நான்கும் ஒரே தரத்தில் இல்லை. ‘மர்டர் ஆன் த நைல்’ முழுவதும் ‘லோட்டஸ்’ என்ற நீராவிப் படகின் முன்கூடத்தில் நடக்கிறது. திருமதி ஆலர்ட்டனும் அவள் மகனும், நாவலாசிரியை ஆட்டர்போர்னும் அவள் மகளும், கர்னல் ரேசும் காணாமல் போய்விட்டார்கள். பொய்ரோவின் இடத்தில், கொலையுண்ட பெண்ணின் காப்பாளராக இருந்த பாதிரியார் பென்னிஃபாதர் வருகிறார். துப்பறிபவருக்குக் கதையில் சொந்தமாக ஒரு பங்கு கிடைப்பது நல்ல மாற்றம். ஆனால் நாவலில் கொலைத் திட்டத்தின் நுட்பம் படகின் இடங்களையும் நேரங்களையும் பொறுத்தது. யார் எந்த நிமிடத்தில் எங்கே இருந்தார்கள் என்பதைக் கணக்கிட்டுப் படிப்பதில்தான் சுவை. ஒரே கூடத்துக்குள் அடைத்ததும் அந்தச் சுவையில் பாதி போய்விட்டது. நியூயார்க்கில் 1946-இல் இந்த நாடகம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. 

‘அப்பாயின்ட்மென்ட் வித் டெத்’ நாடகத்தின் சிறப்பு, நாவலின் முடிவையே கிறிஸ்டி மாற்றிவிட்டார் என்பது. நாவலைப் படித்துவிட்டு, விடை தெரியும் என்ற நிறைவோடு வருபவருக்கும் அரங்கில் அதிர்ச்சி காத்திருக்கிறது. பிள்ளைகளைச் சிறைக்கைதிகளைப் போல் நடத்தும் தாய் திருமதி பாயின்டன் ஒரு நல்ல நடிகைக்குக் கிடைக்கக்கூடிய அரிய வேடம்; அதிகம் அசையாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே மேடை முழுவதையும் ஆட்டிவைக்க வேண்டும். ஜெருசலேம் விடுதியும் பெட்ரா பாறைகளுக்கு நடுவே கூடாரங்களும் தேவைப்படுவதுதான் இதிலுள்ள இடைஞ்சல்.

‘தி ஹாலோ’ பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். 1946-இல் வந்த நாவலில், பொய்ரோ ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு அழைக்கப்பட்டு அந்த வீட்டுக்கு வருகிறார். நீச்சல்குளத்தின் ஓரத்தில் ஒரு மனிதர் விழுந்து கிடக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் கையில் துப்பாக்கியுடன் நிற்கிறாள். இன்னும் சிலர் வெவ்வேறு பாதைகளில் வந்து நிற்கிறார்கள். துப்பறிபவரான தம்மை மகிழ்விக்க வீட்டார் போட்டுக் காட்டும் நாடகக் காட்சி இது என்று எண்ணி பொய்ரோ எரிச்சலடைகிறார். அப்புறம்தான் நீரில் சொட்டும் சிவப்பைப் பார்க்கிறார். அந்த நாவல் சல்லிவனுக்கும் அவர் மனைவிக்கும், அவர்கள் வீட்டு நீச்சல்குளத்தைக் கொலைக்களமாகப் பயன்படுத்திக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டுச் சமர்ப்பிக்கப்பட்டது. மேடையில் பொய்ரோவாக நடித்த அதே சல்லிவன். நாடகமாக்கியபோது கிறிஸ்டி குளத்தையும் எடுத்தார், பொய்ரோவையும் எடுத்தார். பொய்ரோவை நுழைத்ததால் அந்த நாவல் கெட்டுப்போயிற்று என்று தாம் எப்போதும் எண்ணியதாகத் தன்வரலாற்றில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். நாடகமாக்க வேண்டாம் என்று மகள் ரோசலிண்ட் தடுத்தும் அவர் கேட்கவில்லை.

அவர் கேட்காததே நல்லதாயிற்று. கதை தோட்டத்தைப் பார்த்த ஓர் அறைக்குள் முழுமையாகப் பொருந்திவிடுகிறது. மருத்துவர் ஜான் கிறிஸ்டோ, அவரைக் கடவுளாக வணங்கும் மனைவி கெர்டா, அவரை முழுதாகப் புரிந்துகொண்டும் காதலிக்கும் சிற்பி ஹென்ரியெட்டா, பல ஆண்டுகள் கழித்துத் திடீரென்று வந்து நிற்கும் பழைய காதலி வெரோனிகா ஆகிய நால்வரும் ஒரே கூரையின் கீழ் சேர்ந்த உடனேயே, துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே நாடகம் தொடங்கிவிடுகிறது. வீட்டுத் தலைவி லூசி ஆங்கட்டெல், நினைத்த இடத்தில் தொடங்கி நினைத்த இடத்தில் விட்டுவிடும் பேச்சாலேயே அரங்கைக் கலகலக்க வைப்பவள். முட்டைக் கூடைக்குள் கைத்துப்பாக்கியை வைத்து எடுத்துச் சென்றதை ஒப்புக்கொள்ளும் அவள், எதற்காக என்பதுதான் நினைவில்லை என்று நாவலில் காவல் அதிகாரியிடம் சொல்வாள். சிரிப்போம், அடுத்த நொடியே, இவளாகவே இருக்குமோ என்ற சந்தேகமும் எழும். ஒரே வசனம் சிரிப்பையும் அச்சத்தையும் சேர்த்துக் கிளப்புவது நடிகைகளுக்கு எளிதில் கிடைக்கும் வாய்ப்பல்ல. இறக்கும் தறுவாயில் ஜான் சொல்லும் ஒரே சொல் ‘ஹென்ரியெட்டா’. அது குற்றச்சாட்டா, வேண்டுகோளா என்பது தெரியாமல் மீதிக் கதை முழுவதும் அந்தப் பெயர் மேடையில் தொங்கிக்கொண்டே இருக்கிறது. விடையை முன்பே அறிந்தவருக்கும் இந்தத் தவிப்பு குறைவதில்லை. முடிவு தெரிந்த பிறகும் மறுபடி பார்க்கத்தக்க துப்பறியும் நாடகங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. பன்னிரண்டு பாத்திரங்களில் ஆண்கள் ஆறு, பெண்கள் ஆறு. பீட்டர் சாண்டர்ஸ் தயாரித்து, ஹூபர்ட் கிரெக் இயக்கிய முதல் தயாரிப்பு ஃபார்ச்சூன் அரங்கில் தொடங்கி அம்பாசடர்ஸ் அரங்குக்கு மாறி நன்றாக ஓடியது. அதே அம்பாசடர்ஸ் அரங்கில்தான் அதே சாண்டர்ஸ் 1952 நவம்பரில் கிறிஸ்டியின் புகழ்பெற்ற ‘தி மவுஸ்டிராப்’ நாடகத்தைத் தொடங்கினார்.

‘கோ பேக் ஃபார் மர்டர்’ லண்டனில் சில வாரங்களே ஓடியது. அந்தத் தோல்வியை வைத்து நாடகத்தை ஒதுக்கிவிடுவது அநியாயம். மூல நாவலில், கணவரான ஓவியரை நஞ்சிட்டுக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையில் இறந்துபோன தாய் குற்றமற்றவளா என்று அறிய, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு மகள் கார்லா பொய்ரோவிடம் வருகிறாள். அன்று உடனிருந்த ஐந்து பேரும் அதே நாளைத் தனித்தனியாக எழுதித் தருகிறார்கள். பொய்ரோ அந்த ஐந்து எழுத்துகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்கிறார். மேடையில் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்க முடியாதல்லவா? கிறிஸ்டி கண்ட தீர்வு அற்புதமானது. முதல் பாதியில் கார்லாவும் வழக்கறிஞர் ஜஸ்டின் ஃபாகும் ஐவரையும் தேடிச் சந்திக்கிறார்கள். இரண்டாம் பாதியில் ஐவரும் பழைய வீட்டுக்கு வந்து சேர, கடந்தகாலம் அதே மேடையில் நிகழ்காலமாக நடக்கிறது. கார்லாவாக நடித்தவளே தாய் கரோலைனாக மாறி நடிக்கிறாள். தாயின் குற்றத்தைத் தேடிப் போன மகள், தாயின் உடலுக்குள்ளேயே நுழைந்து அந்த நாளை வாழ்ந்து பார்ப்பதாக இது அமைந்துவிடுகிறது. நாவலில் இல்லாத இந்த ஆழத்தை மேடை மட்டுமே தரமுடியும். முதல் பாதியில் இடங்கள் அடிக்கடி மாறுவது சிரமம்தான்; ஆனால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒளியமைப்பு ஆகியவற்றைக் கொண்டே அதைச் சமாளிக்கலாம், ரயிலைப் போல அல்ல. பதினாறு ஆண்டு இடைவெளியை உடை மாற்றத்துக்கு நேரமின்றிக் குரலாலும் நடையாலும் காட்டக்கூடிய ஐந்தாறு நடிகர்கள் கிடைப்பதே உண்மையான நிபந்தனை.

ஆகவே, முதன்முறையாகக் கிறிஸ்டியை மேடையேற்றும் குழு ‘தி ஹாலோ’வை எடுக்கட்டும். பெண் நடிகர் ஒருவர் மிகவும் வலுவாக இருந்து, புதிய முயற்சிக்குக் குழுவும் தயாராக இருந்தால் ‘கோ பேக் ஃபார் மர்டர்’ அதைவிட உயரம் போகக்கூடியது. ஆனால் சறுக்கினால் அடியும் பலமாக விழும். சுவரொட்டியில் பொய்ரோவின் பெயர் இருந்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால், லட்விக்கின் ரயிலுக்குப் போகும் முன் ‘பிளாக் காஃபி’யை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த இருட்டுக் காட்சியை நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டால் பாதி வெற்றி கிடைத்துவிடும். ‘அலிபி’யை நாடக வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் படிக்கலாம், மேடைக்கு வேண்டாம்.

எதை எடுத்தாலும், ஒத்திகை தொடங்குமுன் உரிமம் வாங்க வேண்டும். கிறிஸ்டி 1976 ஜனவரியில் காலமானார். பிரிட்டனில் ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும் என்பதால் அங்கே 2046 இறுதிவரை அவருடைய நாடகங்கள் காப்பில் இருக்கும். வேறு மொழியில் பெயர்த்து நடிக்கவும், காட்சிகளை வெட்டவும் தனி அனுமதி தேவைப்படும். நாவலை வைத்துக்கொண்டு நாமே ஒரு பிரதி எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பலருக்கு வருவதுண்டு. அதற்கும் அனுமதி தேவை என்பதோடு, கிறிஸ்டியே இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடித் தீர்த்த சிக்கல்களை முதலிலிருந்து எதிர்கொள்ள நேரிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

‘தி ஹாலோ’வை எடுப்பவர்களுக்கு நடிகர் தேர்வில் ஒரு வார்த்தை. நாடகத்தில் பொய்ரோவின் வேலையைச் செய்பவர் காவல் ஆய்வாளர் கொல்கூன். குழுவின் சிறந்த நடிகருக்கு அந்த வேடத்தைக் கொடுத்து, அவரைக் கூர்மதி படைத்த விசித்திர மனிதராக நடிக்க வைக்கும் ஆசை இயக்குநருக்கு வரலாம். அதைச் செய்தால், கிறிஸ்டி வெளியே அனுப்பிய பொய்ரோ வேறு பெயரில் உள்ளே வந்துவிடுவார். கொல்கூன் தம் கடமையைச் செய்ய வந்த நிதானமான அதிகாரியாக ஒதுங்கி நிற்கட்டும். சிறந்த நடிகைகளில் ஒருவர் ஹென்ரியெட்டாவாகவும், இன்னொருவர் கெர்டாவாகவும் அந்த அறையில் எதிரெதிரே உட்காரட்டும்.